உண்டியலில் வந்த காசுக்குத் துண்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் ஐரோப்பாவில், பெற்றோர் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியே என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பிரெஞ்சுப் பிரஜாவுரிமை எடுத்த மகன் வேலைக்காக ஜேர்மனிக்குப் போய் இருக்கிறான் என்றால், தன் உதவியில் தங்கி வாழும் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு வைத்திருக்க 2004/38 என்ற ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையின் கீழ் கேட்கலாம். விசாவுக்குக் கட்டணம் இல்லை, அங்கே போய் விண்ணப்பித்தால் 6 மாதத்துக்குள் வதிவிட அட்டை கொடுக்க வேண்டும், அது வழக்கமாக 5 வருடத்துக்குச் செல்லும். மகன் பிரான்ஸிலேயே இருந்தால் பெரும்பாலும் பிரான்ஸின் சொந்தச் சட்டம்தான், இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடவுச்சீட்டு, பெற்றோர் பெயருள்ள மகனின் பிறப்புச் சான்றிதழ், மகன் அங்கே பதிந்திருப்பதற்கான பத்திரம், இவையெல்லாம் எப்படியோ கிடைத்துவிடும். சிக்கல் வருவது பெற்றோர் மகனின் உதவியில் தங்கி வாழ்வதை நிரூபிக்கும் இடத்தில். என் அக்காவுக்கு மகன் வருடக்கணக்காக மாதம் தவறாமல் காசு அனுப்புகிறான், வீட்டு வாடகையும் மருந்தும் அதில்தான், ஆனால் வந்ததெல்லாம் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் வழியாக! காட்ட ஒரு ரசீதுத் துண்டு இல்லை. பைல் செய்து தருகிறோம் என்று காசு வாங்கிய ஓர் ஏஜென்சி கிராம சேவகர் கடிதம், பொலிஸ் ரிப்போர்ட், கல்யாணப் படங்கள் என்று தடிப்பாகக் கட்டிக் கொடுத்தது, மேலே “நான் பார்த்துக்கொள்வேன்” என்ற மகனின் கடிதம். ஏமாந்துபோனோம் என்று அக்கா அழுதபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

சுவீடனில் மகனோடும் ஜேர்மன் மருமகளோடும் இருக்கக் கேட்ட ஒரு சீனத் தாயின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது: பெற்றோருக்குப் பிள்ளைகளின் காசுதவி தேவைப்பட்டது சொந்த நாட்டில் இருக்கும்போதே என்று காட்ட வேண்டும், எந்தப் பொருத்தமான சான்றாலும் காட்டலாம், பார்த்துக்கொள்வேன் என்ற வாக்குறுதியை மட்டும் அதிகாரிகள் போதுமானதாக எடுக்க வேண்டியதில்லை. அதனால் பெற்றோரைக் கூப்பிடும் எண்ணம் இருக்கும் பிள்ளைகள் இன்றிலிருந்தே காசை வங்கி வழியாக, அம்மா அல்லது அப்பா பெயருக்கே அனுப்புங்கள். பாஸ் புத்தகம், வாடகை ரசீது, பார்மசி பில் ஒன்றையும் எறியாதீர்கள். அப்புறம், பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி என்றால் சத்தியக்கடதாசியை இங்கேயே முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையும் காட்டுங்கள்.

அந்தப் பணிப்புரையின் 10ஆம் உறுப்புரையில் என்னென்ன ஆவணம் கேட்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது. அதை உங்கள் ஞாயிறு பதிப்பில் தமிழில் முழுதாகப் போட்டால், ஏஜென்சிக்குக் காசு கட்ட முதல் பெற்றோர் தாங்களே ஒருதடவை வாசித்துப் பார்ப்பார்கள்.

வாசகி, வெள்ளவத்தை