கூடுதல் நேரம் யாருடைய மைதானத்தில்?

ஆசிரியருக்கு,

கால்பந்தில் 'வெளியூர் கோல்' விதியை மீண்டும் கொண்டுவரச் சொல்லும் தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையை ஏற்க இயலவில்லை. இரு அணிகளும் தத்தம் மைதானத்தில் ஒன்று வீதம் இரண்டு ஆட்டங்கள் ஆடி, மொத்த கோல்கள் சமமானால், எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி வென்றதாகக் கொள்வதே இவ்விதி. விருந்தினர் அணி தற்காப்பிலேயே முடங்கக் கூடாது என்பதற்காக 1965-66 பருவத்தில் ஐரோப்பாவில் வந்த விதி அது. பின்னாளில் பலன் தலைகீழானது. கோல் வாங்கிவிடுவோமோ என அஞ்சி, சொந்த மைதானத்தில் ஆடும் அணியே பதுங்கத் தொடங்கியது. 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஒன்று போதும். ஏசி மிலான், இன்டர் மிலான் இரண்டுக்கும் சான் சீரோதான் சொந்த மைதானம். 0-0, 1-1 என முடிந்தபின், இரண்டாம் ஆட்டத்தில் காகிதத்தில் மட்டும் 'வெளியூர்' அணியாக இருந்த ஏசி மிலான் இறுதிக்குப் போனது!

2021-இல் அவ்விதியை நீக்கியது சரியே. ஆனால் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. மொத்த கோல்கள் சமமானால் 30 நிமிடக் கூடுதல் நேரமும் இரண்டாம் ஆட்டம் நடக்கும் மைதானத்திலேயே நடக்கிறது. ஓர் அணிக்குச் சொந்த மண்ணில் 120 நிமிடம், மற்றதற்கு 90. (பழைய விதி, அந்த அரைமணியில் விருந்தினர் அடிக்கும் கோலுக்குக் கூடுதல் மதிப்பு தந்து இதை ஓரளவு ஈடுகட்டியது என்பதை மறுக்கவில்லை.) தென் அமெரிக்காவின் கிளப் போட்டியான கோபா லிபர்டடோரஸில் இறுதிப்போட்டிக்கு முந்தைய நாக்-அவுட் சுற்றுகளில் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டிதான். ஐரோப்பாவும் அதையே பின்பற்றலாம்.