வேலேண்டுக்கு மாறும் முன் புள்ளியைப் பார்

தஞ்சாவூர்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆடிப்பெருக்கும் போன பிறகு பதில் எழுதுகிறேன். தப்புதான், நேரில் வரும்போது திட்டு. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

கும்பகோணம் அச்சகத்தில் ஆறு கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் புது உபுண்டு லினக்ஸுக்கு மாற்றப்போகிறாயாமே? பெரியவர் சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுடா. உபுண்டு 24.04 பதிப்பில் லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அமுக்கி எக்ஸார்க் செஷனுக்கு, அதாவது விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்11 முறைக்கு, திரும்பிவிடலாம். 25.10-இலிருந்து உபுண்டுவின் டெஸ்க்டாப்பான ஜினோமில் அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி அதே வேலையைச் செய்யும் புது முறையான வேலேண்ட் மட்டும்தான்.

நீ இன்னமும் எக்ஸ்11 கட்சி என்று தெரியும். 1984-இல் எம்ஐடியில் தொடங்கி, 1987-இல் பதினோராம் பதிப்பாகி, இன்றுவரை உழைக்கிறது. அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் அது வரப்பே இல்லாத வயல், மாப்ளே. டெர்மினலில் எக்ஸ்இன்புட் கட்டளையை 'டெஸ்ட்-எக்ஸ்ஐ2', 'ரூட்' என்ற இரண்டு ஆப்ஷன்களோடு ஓடவிட்டு, பக்கத்து விண்டோவில் எதையாவது அடித்துப் பார். நீ தொடும் ஒவ்வொரு விசையும் டெர்மினலில் வந்து விழும். அட்மின் பாஸ்வேர்டுகூடக் கேட்காது. பாங்க் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரில் இது எப்படிப் பொறுக்கும்?

வேலேண்டில் விண்டோக்களை ஒன்றுசேர்த்துத் திரையில் வரையும் கம்போசிட்டரேதான், விசைகளைப் பங்கிடும் டிஸ்ப்ளே சர்வரும். எந்த விண்டோவில் வேலை செய்கிறாயோ அதற்கு மட்டுமே விசை போய்ச் சேரும். படம் முழுதாகத் தயாரான பிறகே திரைக்கு வருவதால், ஸ்க்ரோல் செய்யும்போது பக்கம் குறுக்கே கிழிவதும் இல்லை. உன் 4கே மானிட்டருக்கு 150 சதவீதம், பக்கத்துப் பழையதற்கு 100 என்று தனித்தனியே வைக்கலாம்.

இழப்பும் உண்டு. வவுச்சர் எண்களை அடிக்க, விசையைத் தானாகத் தட்டும் எக்ஸ்டூடூல் வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் வேலேண்ட் விண்டோவைத் தொடாது. அதற்கு மாற்றான ஒய்டூடூல், லினக்ஸ் கர்னலின் யூஇன்புட் என்ற போலிக் கீபோர்ட் வழியாகப் போவதால் விசையை அடிக்கும், ஆனால் விண்டோவைப் பெயர் சொல்லித் தேடத் தெரியாது. எக்ஸில் விண்டோ மேனேஜர் விழுந்தாலும் திறந்திருந்த வேலை பிழைக்கும்; ஜினோமின் வேலேண்டில் கம்போசிட்டராகவும் இருக்கும் ஷெல் விழுந்தால் எல்லாம் போயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யப் பையன்களைப் பழக்கு.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என்னைத் தூங்கவிடாதது தமிழ் டைப்பிங். தமிழ்99 கீபோர்ட் முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' வரவேண்டும். அந்தப் புள்ளியைத் தானாகப் போடுவது கீபோர்ட் லேஅவுட் அல்ல, ஐபஸ் என்ற டைப்பிங் புரோகிராமோடு இயங்கும் எம்17என் என்ற விதித்தொகுப்பு. அது இணையாத இடத்தில் வெறும் லேஅவுட்டை வைத்தால் அந்தப் புள்ளி தானாக விழாது. முன்பு ஐபஸ்ஸும் புரோகிராமும் நேராகப் பேசிக்கொண்டன. வேலேண்டில் நடுவே கம்போசிட்டர் நின்று, டெக்ஸ்ட்-இன்புட் என்ற புரோட்டோகால் வழியாகக் கடத்துகிறது. அதிலும் பதிப்புச் சிக்கல்: ஜினோம் பேசுவது மூன்றாம் பதிப்பு, குரோமியம் பிரவுசர் முதலில் கற்றது ஒன்றாம் பதிப்பு. பழைய குரோமியம் என்றால் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் 'வேலேண்ட் டெக்ஸ்ட்-இன்புட்-வி3' என்பதை எனேபிள் செய்து மறுபடி திற. ஜினோமுக்குப் பதில் கேடிஇ டெஸ்க்டாப் வைப்பதானால், ஐபஸ் போன்ற எஃப்சிட்எக்ஸ்5-ஐயும் அதன் எம்17என் பொதியையும் போட்டு, செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்ட் பகுதியில் அதைத் தேர்ந்தெடு.

எழுத்து மங்கலாகத் தெரியும் புரோகிராம் பெரும்பாலும், வேலேண்டுக்குள் பழைய எக்ஸ் புரோகிராம்களை ஓட்டும் எக்ஸ்வேலேண்டில் ஓடுவதாக இருக்கும். கண்டுபிடிக்க, மௌஸைப் பார்க்கும் இரண்டு கண்களைக் காட்டும் எக்ஸ்ஐஸைத் திறந்துவைத்து, மௌஸை அந்த விண்டோமேல் நகர்த்து. கண்கள் கூடவே திரும்பினால் அது எக்ஸ்வேலேண்ட்.

நம் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்று நாம் சோதித்துப் பிழையைப் பதியாவிட்டால், வேறு யாருக்கும் அது கண்ணில் படாது.

ஆகவே முகூர்த்த நாள் பத்திரிகை வேலை முடியும்வரை ஐந்து கம்ப்யூட்டர் 24.04-இலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றி, லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், பிரவுசர் மூன்றிலும் 'அம்மா' அடித்துப் பார். எதில் புள்ளி விழவில்லை என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் தஞ்சாவூர் மாப்ளே