துணைக்கு நிற்பவரின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகின்றன. படமும் வரும். நாற்காலியில் அவர் இருப்பார். பின்னால் கைப்பிடியைப் பிடித்திருக்கும் பெண்ணின் முழங்கையோடு படம் வெட்டப்பட்டிருக்கும். பத்திரிகை வெட்டினால் பரவாயில்லை. வைத்தியசாலையும் அதே இடத்தில் வெட்டுகிறது என்பதுதான் என் முறைப்பாடு.

என் அண்ணன் முன்னாள் போராளி. கிழக்கில் சண்டை ஓய்ந்த 2007க்கு முன்னரே அவருக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லாமற் போய்விட்டது. மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே தாய் தகப்பன் போன பின்னர், மணம் முடிக்காத அண்ணன் என் வீட்டில் இருக்கிறார். வேறெங்கே போவார்? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சலப்பை பார்ப்பது, மலம் எடுப்பது, தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் நானும் என் மகனும்தான்.

ஒருமுறை சலத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் அனுமதித்தோம். ஆண்கள் விடுதி என்பதால் பார்வையாளர் நேரம் முடிந்ததும் என்னை வெளியே அனுப்பினார்கள். இரவில் அத்தனை கட்டிலுக்கும் இரண்டு தாதி மிஸ்ஸிமார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நித்திரையில்லாமல் ஒருவரைப் பார்ப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் நான் உள்ளே போனபோது அண்ணனின் முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மண்டை வெடிக்கிற தலையிடி என்றார். பிரஷர் 150. “அது அவ்வளவு கூட இல்லை, பனடோல் கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னார்கள்.

மற்றவர்களுக்கு 150 அவ்வளவு கூட இல்லைதான். அண்ணனின் வழக்கமான பிரஷர் 100ஐத் தாண்டாது. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே முள்ளந்தண்டு நரம்பு சேதமானவர்களுக்குச் சலப்பை நிறைந்தாலோ, மலம் இறுகினாலோ, படுக்கை விரிப்பின் மடிப்பு அழுத்தினாலோகூட இப்படிப் பிரஷர் பாயும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தம் கசியும் அளவுக்குப் போகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, எது அழுத்துகிறதென்று தேட வேண்டும். தேடினேன். சலக்குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கிவிட்டதும் பை நிறையத் தொடங்கியது. சற்று நேரத்தில் தலையிடியும் இறங்கியது. இதை முதல்நாளே சொல்ல வந்தேன். “அம்மா, வெளியில் நில்லுங்கள், டொக்டர் ரவுண்ட் வருகிறார்” என்றார்கள். டொக்டர் கேட்கவேண்டிய கதை என்னிடம்தான் இருந்தது, நானோ தாழ்வாரத்தில் நின்றேன்.

துண்டு வெட்டியதையும், அதாவது வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்ததையும், எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னேரம் சாப்பாட்டுடன் போனபோது, கூட்டிப்போங்கள் என்றார்கள். முச்சக்கர வண்டியில் மண்முனைப் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து உடுப்பு மாற்றும்போது பார்த்தால், நாரிக்குக் கீழே உள்ளங்கை அளவில் படுக்கைப்புண். போகும்போது அந்த இடத்தில் தோல் வழுவழுப்பாக இருந்தது. அது ஆற மாதக்கணக்கானது.

அமெரிக்காவில் போரில் கடுமையாகக் காயப்பட்டவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கென்றே 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பயிற்சி, மாதக் கொடுப்பனவு, பராமரிப்பவர் ஓய்வெடுக்க வருடத்தில் 30 நாளாவது மாற்று ஏற்பாடு என்று அதில் பல உண்டு. முதலில் 2001 செப்டெம்பர் 11இலிருந்து காயப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மட்டுந்தான். வியட்நாம் போரின் முதியவர்களுடைய மனைவிமார் வருடக்கணக்கில் வெளியே நின்றார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2020 ஒக்டோபரில் வியட்நாம் காலத்தவருக்கும், 2022 ஒக்டோபரில்தான் எல்லாக் காலத்தவருக்கும் கதவு திறந்தது. பணக்கார நாட்டிலும் இதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் பராமரிப்பவர் என்பது மனைவி மட்டுமல்ல. உறவினர் யாரும் ஆகலாம், உறவில்லாமல் கூடவே வசிப்பவரும் ஆகலாம். எங்கள் ஊர்ப் படிவங்களில் “மனைவி / பெற்றோர்” என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. தங்கைக்குக் கோடு இல்லை.

அங்குள்ளது போன்ற கொடுப்பனவு கேட்டு நான் எழுதவில்லை. கேட்டாலும் கிடைக்காது. படையிலிருந்து காயப்பட்டவர்களுக்கு 1999இன் சட்டப்படி ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது, அண்ணன் போன்றவர்களுக்கு அப்படி ஒன்றில்லை. அந்தக் கணக்கை வேறொரு நாள் பேசலாம். ஆனால் ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் அம்பாறை உகனப் பக்கத்துத் தாய் ஒருவரைச் சந்தித்தேன். மகன் இராணுவத்தில் இருந்தவர். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. தலையணையைக் கணுக்காலுக்கு அடியில் எப்படி வைத்தால் குதிக்கால் மெத்தையில் படாது என்று அவர்தான் கையால் காட்டித் தந்தார். அவரும் மகனின் துண்டு வெட்டும் நாளை வாசலில் நின்றுதான் அறிந்துகொள்வாராம். அந்த ஒரு விடயத்தில் வைத்தியசாலை எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் காட்டவில்லை.

நான் கேட்பதற்குப் பணம் வேண்டாம். அமெரிக்காவிலேயே இன்னொரு சட்டம் இருக்கிறது, போரோடு தொடர்பில்லாதது. 2014இல் ஒக்லஹோமா மாநிலத்தில் தொடங்கி இப்போது 40க்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நோயாளி சொல்லும் பராமரிப்பாளரின் பெயரை வைத்தியசாலை பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்புமுன் அவருக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் செய்யவேண்டியதை அவருக்குச் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். நோயாளி சொல்லும் பெயர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அண்ணன் பேச்சும் நினைவும் உள்ள மனிதர். தன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். நான்கூட அதைத் தீர்மானிக்க முடியாது.

ஆண்கள் விடுதியில் இரவில் பெண் தங்கக்கூடாதென்ற விதி நியாயமானதே. அப்படியானால் மாலையில் நான் புறப்படுமுன் ஐந்து நிமிடம் தாதி என்னிடம் கேட்கட்டும். எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அல்லது வளர்ந்துவிட்ட என் மகனை இரவில் நிற்க விடட்டும்.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் மூவரும் இதற்குக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பராமரிப்பவர் பெயர், தொலைபேசி, இரவில் கவனிக்கவேண்டியது என மூன்று வரியுள்ள ஒரு இறப்பர் முத்திரை செய்து கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் குத்தினால் போதும். கல்முனையில் கொடுத்தால் மறுநாளே செய்து தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
படுவான்கரை, மட்டக்களப்பு.