ஈரம் கழித்து எடை போடுங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாம்பழ சீசன் முடிந்த சமயம். செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் பழைய பேப்பர் கடையில், கிழியாத அட்டைப்பெட்டியாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். "வீடு மாத்துறீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். "இல்லீங்கண்ணா, மலை செய்யப் போறேன்." அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. 14 கிலோ போட்டு, சில்லறையைத் தள்ளிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டீர்கள். அன்று நீங்கள் கேட்காமல் விட்டதை இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி ஓரத்தை நகத்தால் பிளந்து, "இது ஃபைவ் ப்ளை, அது த்ரீ ப்ளை" என்று காட்டினீர்களே, எனக்கு அதுதான் முதல் பாடம். ஃபைவ் ப்ளை என்றால் தட்டையான தாள் மூன்று, நடுவே நெளி இரண்டு. நெளி ஓடும் போக்கிலேயே மடித்தால் அட்டை நோட்டுப் புத்தகம் மாதிரி மடங்கும். குறுக்கே மடித்தால் முரண்டுபிடித்துக் கசங்கும். இது கைக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. மேல்தாளை உரித்து நெளியை மட்டும் பார்த்தால், ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் யாரோ இழுத்து வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கும்.

அடுக்கின் மேல் அடுக்காக ஒட்டிச் சேர்வராயன் மலையைச் செய்தேன். பசைக்கு, நம் ஊரில் பஞ்சமே இல்லாத குச்சிக்கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போட்டேன். அப்புறம்தான் அந்த முட்டாள்தனம். பெட்டியில் அச்சடித்திருந்த மாம்பழப் படம், எழுத்து, அம்புக்குறி எதுவும் தெரியக் கூடாது என்று மேலே முழுக்கப் போஸ்டர் கலர் பூசினேன். பாறை நிறம் வர மூன்று பூச்சு. பிக்காசோ 1912இல் அட்டையிலேயே ஒரு கிதார் செய்தார், இன்றும் நியூயார்க்கில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் அட்டையை அட்டையாகவே விட்டிருந்தார். அது தெரிந்தும் பூசினேன்.

ஐப்பசியில் ஏற்காட்டுக்குத் தூக்கிப் போனேன். காபித் தோட்டத்தை ஒட்டிய தோழி வீட்டுத் திண்ணை. மூடுபனி வந்து மலையைத் தொட்டுவிட்டுப் போவதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஸ்டாண்டில் செல்போனை மாட்டி, 10 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தேன். 6 மணி நேரத்தில் 2,160 படம். விநாடிக்கு 24 என்று ஓட்டினால் ஒன்றரை நிமிட வீடியோ.

மூன்றாவது மணி நேரத்தில் மழை சாரலாக உள்ளே அடித்தது. மலையை உள்ளே இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கலை வைராக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவரை எடுத்த ஆயிரம் படம் வீணாகிவிடுமே என்ற கஞ்சத்தனம்தான்.

முதலில் சாயம் கரைந்து பழுப்பு நீராகத் திண்ணையில் ஓடியது. பிறகு பசை. மாவுப் பசை தண்ணீர் பட்டால் திரும்பவும் கஞ்சிதானே. அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்து ஒரு 'கோ' எழுத்து வந்தது, மல்கோவாவின் 'கோ' என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே, நனையாமல் வைக்கவும் என்று பெட்டியில் போடுவார்களே, அந்தக் குடைப் படம். மழை அதன் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் நான் மூடி வைத்ததை மழை முக்கால் மணி நேரத்தில் திறந்துவிட்டது.

நடுவில் லென்ஸில் ஆவி படிந்து, நான் துடைக்கப் போய் செல்போன் அசைந்துவிட்டது. வீடியோவில் அந்த இடத்தில் மலை ஒரு துள்ளு துள்ளும். பார்த்த நண்பர்கள் அந்தத் துள்ளலைத்தான் வெகுவாகப் பாராட்டினார்கள். பரிசோதனை முயற்சி என்று பெயர் வைத்துவிட்டால் இது ஒரு சௌகரியம்.

ஒரு குறை இருக்கிறது. நீங்கள் அட்டையை நகத்தால் பிளக்கும்போது 'சர்ர்' என்று வருமே, அந்தச் சத்தம் வீடியோவில் இல்லை. நானே பிளந்து பதிவுசெய்தேன், சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடும் நேரத்துக்கு வருகிறேன். நாலு பெட்டி பிளந்து காட்டினால் போதும்.

வரும்போது மலையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறேன். இன்னும் சரியாகக் காயவில்லை, வீட்டுத் தராசில் 19 கிலோ காட்டுகிறது. பெட்டியை நனைத்து எடை ஏற்றிக் கொண்டுவருகிறவர்களை நீங்கள் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். என்னையும் திட்டிவிட்டு, ஈரத்துக்கு எவ்வளவு உண்டோ கழித்துக்கொள்ளுங்கள். குடைப் படம் உள்ள துண்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அது மூட்டையில் இருக்காது.

அன்புடன்,
மலைக்குப் பெட்டி வாங்கிப் போனவள்