அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வைச் சொல்லி, 'கீமோ வேண்டாம், சர்க்கரை மாத்திரை போதும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சினைப்பையில் (கருமுட்டை உண்டாகும் உறுப்பில்) வந்த புற்றுக்குக் கீமோ எடுத்துவரும் என் அக்கா அதைக் கத்தரித்து ஆஸ்பத்திரி ஃபைலில் வைத்துக்கொண்டாள். நாலாவது கீமோ அன்று காலையில், "நான் வரலடி" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அத்தானுடைய சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின் அட்டை. நாலு குழி காலி.

அவளுக்குச் சர்க்கரை கிடையாது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டு நாள் துவண்டு கிடந்தாள். கீமோ பத்து நாள் தள்ளிப்போயிற்று.

அந்த ஆய்வைத் தாங்கள் முழுதாகப் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்டது. சினைப்பைப் புற்று வந்த, சர்க்கரை நோய் இல்லாத 38 பெண்கள். அவர்களுக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்தன. மாத்திரை கூடவே தரப்பட்டது. முடிவு நம்பிக்கை தந்தது உண்மைதான். ஆனால் மாத்திரை தராமல் ஒப்பிட்டுப் பார்க்க, குலுக்கல் முறையில் பிரித்த குழு அதில் இல்லை. மார்பகப் புற்றில் 3,649 பேரிடம் இதே மாத்திரையைச் சோதித்து, பலன் இல்லை என்று 2022-இல் சொல்லிவிட்டார்கள். சினைப்பைப் புற்றிலாவது பலிக்கட்டும் என்றுதான் நானும் தினம் வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் ஏன் விட்டுவிட்டீர்கள்?

கட்டுரை முழுக்கக் 'கர்ப்பப்பைப் புற்று' என்றே எழுதியிருந்தது. நோய் சினைப்பையில், ஐயா. இரண்டும் வேறு வேறு என்று தாங்கள் அறியாததல்ல. அக்காவுக்கு வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர். ஏழு மாதம் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். புடவைக் கொசுவம் செருக முடியாதபடி வயிறு பெருத்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நிலை, வயிற்றில் நீர். இந்த அறிகுறிகளை நாலு பெண்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று போன ஆவணியில் தங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை. இருபது வருடமாகச் சந்தா கட்டுகிற வீடு எங்களுடையது. மருத்துவப் பக்கத்தை அம்மா காலத்திலிருந்து நம்பிப் படிக்கிறோம். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'கீமோவை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் மெட்ஃபார்மின் சாப்பிடாதீர்கள்' என்று போடுங்கள். நான் சொன்னால் அக்கா கேட்பதில்லை. தங்கள் பத்திரிகையில் வந்தால் கேட்பாள். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் அவள் ஃபைலில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை