பனி வரையும் பிள்ளைகளை உப்பளத்துக்கு அழைத்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எந்த ஓவியப் போட்டியானாலும் 'இயற்கைக் காட்சி' என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் முக்கோணப் பனிமலை இரண்டு, நடுவில் சூரியன், ஒரு ஓடை, ஓட்டு வீடு. ஓவிய ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். நடுவராகப் போகும் இடங்களில் இன்றும் அதே மலைதான் பரிசு வாங்குகிறது. பனியை வரையட்டும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்து வரைந்தவர்களின் படங்களைப் பிள்ளைகளுக்கு நாம் காட்டியிருக்கிறோமா?

மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தபோது, டொரண்டோவுக்கு வடக்கே கிளைன்பர்க்கில் உள்ள மெக்மைக்கேல் ஓவியக்கூடத்துக்கு மருமகன் அழைத்துப் போனார். அங்கே ஏ.ஒய். ஜாக்சன் (1882–1974) வரைந்த சிறிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. 1920இல் கனடாவில் உருவான 'எழுவர் குழு' என்ற ஓவியர் குழுவில் அவர் ஒருவர். குளிர்காலம் முடியப்போகும் மார்ச் வாக்கில் கியூபெக் மாகாணத்தின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். காலில் பனியில் புதையாத அகலக் காலணி, கையில் வண்ணப்பெட்டி. அவர் வரையும் பலகை 8½க்கு 10½ அங்குலம்தான். அந்தக் குளிரில் நீர்வண்ணம் உறைந்துபோகும். எண்ணெய் வண்ணம் இறுகினாலும் தூரிகைக்கு வரும்.

அவர் படங்களில் சாய்ந்து நிற்கும் களஞ்சியம், வேலிக் குச்சிகள், குதிரை இழுத்த சறுக்குவண்டியின் தடம், அந்தத் தடத்தில் எட்டிப்பார்க்கும் பழுப்பு மண். ட்யூபிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே பூசிய இடம் என் கண்ணில் படவில்லை. வெயில் பட்ட பனி இளமஞ்சளும் ரோஜாவுமாக இருந்தது. நிழல் நீலம், சில இடங்களில் ஊதா. வானத்தின் வெளிச்சம்தானே நிழலில் விழுகிறது! "இத்தனூண்டு பலகையில ஒரு ஊரே இருக்கே அத்தை" என்றார் மருமகன்.

இதைக் கற்றுத்தர நமக்குப் பனி வேண்டாம். கோடையில் கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தில் குவித்த உப்பைக் காலை வெயிலில் பார்த்தாலே போதும், நிழல் பக்கத்து நீலத்தைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். காசிமேட்டில் மீன்மேல் கொட்டும் நொறுக்கிய ஐஸும் அப்படித்தான்.

போட்டி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மண்டபத் தரையில் உட்காரவைத்து முழு சார்ட் பேப்பரை நீட்டாதீர்கள். அவ்வளவு பெரிய தாளை நிரப்பும் அவசரத்தில்தான் பிள்ளை மனப்பாடமான மலையைப் போடுகிறது. கால் சார்ட் கொடுங்கள், வெளியே கூட்டிப் போங்கள். சிறுவர்களுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வேண்டாம், போஸ்டர் கலர் போதும். எழும்பூர் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் சிலரைத் துணைக்கு அழைக்கலாம். தங்கள் நாளிதழே இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடத்த முன்வந்தால், பிள்ளைகளை அழைத்துப் போகும் பொறுப்பை ஏற்க நானும், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11