வந்ததை வந்தபடியே ஃபார்வர்டு செய்யும் அன்பர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் துணுக்கோடும் மருத்துவக் குறிப்போடும் எங்களுக்கு வழக்கில்லை. அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் வாலோடுதான் வழக்கு.

ஃபார்வர்டு பொத்தானை அழுத்தியதும் பழைய மடலின் அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் புது மடலுக்குள் எழுத்தாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து கை மாறிய மடலைக் கீழே இழுத்துப் பாருங்கள்: முகவரிகள் ஐந்து அடுக்காக நிற்கும். துணுக்கு இரண்டு வரி, முகவரி நாற்பது வரி! பெற்றவர்களில் ஒருவருடைய கணினியில் வைரஸ் புகுந்தால் போதும், அத்தனை முகவரிகளும் ஸ்பேம்காரர்கள் (கேட்காத விளம்பர மடல்களை அனுப்பிக் குவிப்பவர்கள்) கைக்குப் போய்விடும்.

ஆகவே அனுப்புமுன் அந்த அடுக்குகளை அழித்துவிடுங்கள். சில செயலிகளில் அவை மூன்று புள்ளிக்குள் மடிந்து கிடக்கும். விரித்துப் பார்த்து அழியுங்கள். பிறகு 'டூ' கட்டத்தில் உங்கள் முகவரியை மட்டும் போட்டு, மற்றவர்களை 'பிசிசி'யில் (பெறுநர் பெயரை மற்றவர்களுக்குக் காட்டாத கட்டம்) சேருங்கள். 'சிசி'யில் போட்டாலும் மடல் போய்ச் சேரும்தான். ஆனால் பட்டியல் எல்லார் கண்ணிலும் படும். பிசிசியில் இருப்பவர் 'ரிப்ளை ஆல்' (எல்லாருக்கும் பதில்) அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டுமே வரும். பிசிசி இல்லையென்றால், 50 பேர் பட்டியலில் பத்துப் பேர் எல்லாருக்கும் 'நன்றி' சொன்னாலே சுமார் 500 மடல்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள், 'பெட்லம் டிஎல்3' என்ற அஞ்சல் பட்டியலிலிருந்து தங்களை நீக்கச் சொல்லி ஆளாளுக்கு எல்லாருக்கும் பதில் போட்டதில் அஞ்சல் சர்வர்களே திணறின.

காணொளியை இணைப்பாக அனுப்பாதீர்கள், சுட்டி கொடுங்கள். இணைக்கும் கோப்பு எழுத்தாக மாறித்தான் பயணிக்கிறது. 3 பைட் 4 எழுத்தாகும், அதாவது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 25 எம்பி எல்லை வைத்த சர்வரிலிருந்து 20 எம்பி கோப்பு திரும்பி வருவது அதனால்தான்.

'ஃபார்வர்டு செய்தால் ஒவ்வொரு மடலுக்கும் நிறுவனம் பணம் தரும்' என்பது சுத்தப் பொய். கைமாறும் மடல்களை எண்ணிச் சொல்லும் வசதி மின்னஞ்சலில் கிடையாது.

பொறுமையுள்ளவர்கள் உங்கள் மடல்களைத் தனிக் கோப்புறைக்கு ஒதுக்க ஃபில்டர் போட்டுக்கொள்வார்கள். பொறுமையிழந்தவர்கள் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். அதன்பின் நீங்கள் அனுப்பும் கல்யாணப் பத்திரிகையும் ஸ்பேம் கோப்புறையிலேயே போய் விழலாம். தேடி எடுக்கச் சொல்ல நீங்கள் போன்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ளவர்கள்